தண்ணீரில் இறக்கிய காவடி

1. முதல் நாளே கவிழ்ந்த படகு

நான் படகு வாத்தியாராக வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு படகு கவிழ்ந்தது. அதற்குள் ஒரு மாணவன் இருந்தான். அவன் வெளியே வரவில்லை.

அவன் பெயர் ஏகாம்பரம். முத்தியால்பேட்டைப் பையன், பள்ளிக்கூடத்தில் மேல்வகுப்பு. வாழ்க்கையில் முதன்முதலாகப் படகில் ஏறப்போகிறான் என்று அவன் அம்மா ஓரத்தில் மஞ்சள் தடவிய புது வேட்டி உடுத்திவிட்டு அனுப்பியிருந்தாள். எங்கள் பக்கத்து வழக்கம் அது. எதையும் முதலில் தொடங்கினால் புதுத்துணி, மஞ்சள். எனக்கும் அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. "நல்லாருப்பா, ஏறு" என்று சொல்லி நான்தான் படகைப் பிடித்துக்கொண்டேன்.

கயாக் என்பது நாம் பார்த்துப் பழகிய படகு இல்லை. நீளமாக, ஒல்லியாக, வாழைப்பூ மாதிரி இரண்டு பக்கமும் கூராக இருக்கும். மேலே மூடியிருக்கும். நடுவில் ஒரு ஆள் உட்கார மட்டும் ஓட்டை. அதற்குள் இடுப்புவரை இறங்கி, காலை முன்னால் நீட்டி, உள்ளே இருக்கிற மிதிகட்டையில் பாதத்தை வைத்துக்கொள்ள வேண்டும். ஏகாம்பரம் அப்படித்தான் உட்கார்ந்தான். கரையிலிருந்து நாலு முழம் போவதற்குள் பயந்துபோய்ப் பக்கவாட்டைப் பிடித்தான். படகு புரண்டது. எட்டு முழ வேட்டி மிதிகட்டையில் சுற்றிக்கொண்டது.

தண்ணீர் மார்பளவுதான். ஆனால் தலைகீழாக மாட்டிக்கொண்டவனுக்கு மார்பளவும் ஒன்றுதான், நடுக்கடலும் ஒன்றுதான். நான் பாய்ந்து போய் வேட்டியைக் கிழித்து அவனை இழுத்து வெளியே போட்டேன். அவன் இருமி, வாந்தியெடுத்து, கண்ணைத் திறந்து முதலில் கேட்டது இதுதான்:

"வாத்தியாரே, வேட்டி கிழிஞ்சிடுச்சா?"

நான் முருகா என்று மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

2. படகு எப்படி எங்கள் கைக்கு வந்தது

இதை வாசிக்கிற தம்பிமார்களுக்கு ஒரு சந்தேகம் வரும். புதுச்சேரியில், அந்தக் காலத்தில், கயாக் எங்கிருந்து வந்தது என்று.

வெள்ளைக்காரத் துரைமார் சிலர் பொழுதுபோக்குக்கு வைத்திருந்தவை அவை. தேங்காய்த்திட்டுப் பக்கம் ஆற்றங்கரையில் ஒரு கொட்டகை. அதில் ஆறு கயாக். மரச்சட்டத்தின் மேல் தடித்த கித்தான் துணியை இழுத்துக் கட்டி வர்ணம் பூசியது. நான் அங்கே வேலையாள். படகைத் தோளில் தூக்கிக்கொண்டுபோய்த் தண்ணீரில் விடுவேன், திரும்பி வந்தால் கழுவித் துடைப்பேன், ஆற்றில் மட்டி கீறிய இடத்தில் துணி வைத்துக் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சி ஒட்டுவேன். ஒட்டின இடம் ஒழுகுகிறதா என்று பார்க்க நானே ஓட்டிப் பார்க்கச் சொல்வார்கள். ஓட்டி ஓட்டிக் கற்றுக்கொண்டேன். கவிழாத நாள் குறைவு.

பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறியதும் துரைமார் கப்பல் ஏறினார்கள். படகுகளை ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியர் பிரெஞ்சு படித்த தமிழர். எல்லாரும் அவரை முசே என்றுதான் கூப்பிடுவோம். அவர் என்னைக் கூப்பிட்டு, "ஆறுமுகம், படகு வந்துடுச்சு. ஓட்டத் தெரிஞ்ச ஆளு நீ ஒருத்தன்தான் இருக்கே. பசங்களுக்குச் சொல்லிக்குடேன்" என்றார்.

"முசே, நான் அஞ்சாவதோட நின்னவன்."

"நான் படகைப் பத்தித்தானே கேக்கறேன்?"

அதற்கு முன்னால் கொட்டகை வேலை போனதும் மில்லில் நூல் சுற்றப் போய்க்கொண்டிருந்தேன். வீட்டில் சம்சாரம், இரண்டு பெண் குழந்தைகள். மில்லின் பஞ்சுத் தூசி என் நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஆற்றுக்காற்று ஒத்துக்கொண்டது. முருகன் வழிகாட்டினான் என்றுதான் நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

3. துணி நெய்கிறவர் சொன்ன தீர்ப்பு

ஏகாம்பரம் கவிழ்ந்த மறுநாள் காலையில் அவன் தாய்மாமன் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். வடிவேலு மேஸ்திரி. மில்லில் தறி மேஸ்திரி. கட்டை மீசை, கனத்த குரல். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அவருக்கு மெதுவாகப் பேசவே வராது. ரகசியம் சொன்னால்கூடத் தெருவுக்கே கேட்கும்.

"இன்னாய்யா நெனச்சுக்கிட்டிருக்க நீ?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். "எங்க அக்கா பெத்தது ஒண்ணே ஒண்ணு. என் பொண்ணக் கட்டிக்கப்போற மாப்ள. அவனத் தலகீழாக் கவுத்து உட்டுட்டு வாத்தியாரு வேலையா பாக்கற?"

"தப்பிச்சிட்டாங்க மேஸ்திரி. முருகன் கிருப..."

"முருகன இழுக்காத. முருகன் படகா ஓட்டுனாரு? மயிலுதான ஓட்டுனாரு!" அங்கே நின்ற பையன்கள் சிரித்துவிட்டார்கள். மேஸ்திரி அவர்களை ஒரு முறை முறைத்துவிட்டு, தலைமை ஆசிரியர் பக்கம் திரும்பினார். "முசே, நான் துணி நெய்யறவன். துணி எத்தினி நாள் தாங்கும்னு எனக்குத் தெரியும். துணியில செஞ்சா அது படகா? அது மூட்டை. அத எரிச்சுடுங்க."

அவர் மட்டும் இல்லை. மற்றப் பெற்றோர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். சாயங்காலம் முசே என்னை அழைத்துச் சொன்னார்.

"ஆறுமுகம், உம்மேல எனக்கு நம்பிக்கை இருக்கு. ஆனா பெத்தவங்களுக்கு வரணும். மாசி மகம் முடிஞ்ச மறு ஞாயித்துக்கிழமை எல்லாரையும் ஆத்தங்கரைக்குக் கூப்பிடறேன். ஆறு பசங்களும் அவங்க கண்ணு முன்னால படகு ஓட்டிக் காட்டணும். ஒரு மாணவன் தண்ணியில வுழுந்தாலும் படகெல்லாம் ஏலத்துக்குப் போயிடும். அதுக்கப்புறம் என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

படகு போனால் என் வேலையும் போகும். மறுபடி பஞ்சுத் தூசி. இதை வீட்டில் சொன்னேன். என் சம்சாரம் ஒரு மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்து சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அப்புறம் பழைய வேட்டிகளை எடுத்துப் போட்டு, "முதல்ல அந்தப் புள்ளைங்களுக்கு நிஜார் தைக்கணும். அளவு எடுத்துக்கிட்டு வாங்க" என்றாள்.

4. கவிழக் கற்பது

அந்த ஆறு பேரில் மூன்று பேரைப் பற்றிச் சொன்னால் போதும். ஒருவன் ஏகாம்பரம். நீந்தத் தெரியாது. முதல் நாள் அனுபவத்துக்குப் பிறகும் வந்தான். "வராட்டி மாமா ஜெயிச்சுடுவாரு வாத்தியாரே" என்றான். இரண்டாமவன் சூசை. மாதா கோயிலில் மணியடிக்கிற கோயில்பிள்ளையின் மகன், கோயிலுக்குப் பக்கத்து வீடு, வாய்த்துடுக்கு. மூன்றாமவன் கலியபெருமாள். வீராம்பட்டினத்துப் பையன், கட்டுமரத்தில் பிறந்து வளர்ந்தவன்.

கலியபெருமாளுக்குச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம் என்று நினைத்தேன். அவன்தான் அதிகம் கவிழ்ந்தான். கட்டுமரத்தில் முட்டிபோட்டு உட்கார்வார்கள், அலை வந்தால் எழுந்து நிற்பார்கள். மரம் புரண்டால் மேலே ஏறிக்கொள்வார்கள். அவ்வளவுதான். கயாக்கில் அலை வந்ததும் இவன் பழக்கத்தில் எழுந்து நிற்கப் பார்ப்பான். நின்றால் முடிந்தது கதை.

"ஒக்காந்துக்கிட்டு கடலுக்குப் போறதுக்கு இது இன்னா ரிக்‌ஷாவா?" என்று தண்ணீருக்குள்ளிருந்து கேட்பான்.

நான் ஒரு முடிவு செய்தேன். முதலில் ஓட்டக் கற்றுக்கொடுக்கக் கூடாது. முதலில் கவிழக் கற்றுக்கொடுக்க வேண்டும். பயம் எது என்று தெரிந்துவிட்டால் பிறகு அது பாதி பயம்தான்.

நீந்தத் தெரியாதவர்கள் முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கை கட்டிவிட்டேன். கிணற்றில் நீச்சல் பழக நாமெல்லாம் கட்டிக்கொண்டதுதான். படகின் இரண்டு முனைக்குள்ளும் மூடி அடைத்த மண்ணெண்ணெய் டின் வைத்துக் கட்டினேன், தண்ணீர் ஏறினாலும் படகு முழுகாமல் மிதக்கும்படி. எல்லாருக்கும் நிஜார். இடுப்பளவு தண்ணீரில் ஒருவன் உட்கார, இரண்டு பேர் பக்கத்தில் நின்று படகை வேண்டுமென்றே கவிழ்ப்பார்கள். உள்ளே இருப்பவன் செய்ய வேண்டியது: மூச்சைப் பிடி, முன்னால் குனி, ஓட்டையின் விளிம்பை இரண்டு கையாலும் தள்ளு, காலை உருவு, வெளியே வா, படகை விடாதே. அதையே திரும்பத் திரும்ப. வெளியே வந்ததும் படகை விட்டுவிட்டுக் கரைக்கு ஓடுகிறவனைத் திரும்ப ஏற்றுவேன்.

ஏகாம்பரம் முதலில் நடுங்கினான். சில நாள் போனதும் படகு கவிழ்வதற்கு முன்னால் கரையைப் பார்த்து, "மாமா பாக்கறாரா?" என்று கேட்டுவிட்டுக் கவிழ்வான்.

5. அரோகராவும் அன்-தெவும்

அடுத்தது துடுப்பு. கயாக் துடுப்புக்கு இரண்டு பக்கமும் தட்டை. துரைமார் அதைப் பகே என்பார்கள். நாங்களும் அப்படியே சொன்னோம். எல்லாப் பையன்களும் கையால் வலித்தார்கள். கையால் வலித்தால் கொஞ்ச நேரத்தில் தோள் வலி வந்துவிடும், படகும் பாம்பு போல வளைந்து வளைந்து போகும். வலிக்க வேண்டியது இடுப்பு. உடம்பு திரும்ப வேண்டும், கை சும்மா கூடப் போக வேண்டும். இதை எத்தனை விதமாகச் சொல்லியும் அவர்களுக்குப் பிடிபடவில்லை.

நான் ஆண்டுதோறும் பங்குனி உத்திரத்துக்கு மயிலம் மலைக்குக் காவடி எடுத்துக்கொண்டு நடந்து போகிறவன். ஒரு நாள் காலையில் பூசை செய்யும்போது மூலையில் இருந்த என் காவடியைப் பார்த்தேன். காவடி ஆடுகிறவன் கையையா ஆட்டுகிறான்? கை காவடியைப் பிடித்திருக்கும். ஆடுவது இடுப்பு. காவடி தானாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பும். அதுதானே இது!

அன்றைக்கே ஆறு பேரையும் மணலில் காலை நீட்டி உட்காரவைத்து, ஆளுக்கொரு மூங்கிலைத் தோளில் வைத்தேன்.

"இது பகே இல்ல. காவடி. கையால தொடாத மாதிரி புடி. இடுப்பால ஆடு. அரோகரா ஒரு பக்கம், அரோகரா மறுபக்கம்."

சூசை கையைத் தூக்கினான். "வாத்தியாரே, நான் அரோகரா சொன்னா எங்க சாமியாரு முட்டி போட வெச்சிடுவாரு."

"அப்போ நீ பிரெஞ்சுல ஒண்ணு, ரெண்டு எண்ணு. அன், தெ சொல்லுடா."

அப்புறம் தேங்காய்த்திட்டு ஆற்றில் மீன்காரர்கள் பார்க்க, ஐந்து படகு "அரோகரா, அரோகரா" என்று போகும், ஒரு படகு "அன், தெ, அன், தெ" என்று போகும். படகுகள் நூல் பிடித்த மாதிரி நேராகப் போயின. தட்டை கால்விரல் பக்கம் தண்ணீரில் இறங்கி, இடுப்புப் பக்கம் வெளியே வந்தது. சொட்டுச் சத்தம்கூட இல்லை. பாலம் பக்கம் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருத்தி, "எந்தக் கோயிலுக்குப்பா போறீங்க?" என்று கேட்டாள். கலியபெருமாள், "கரைக்குத்தான் ஆத்தா, போய்ச் சேர்ந்தா சொல்றோம்" என்றான்.

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. மாசி மகத்துக்கு இன்னும் நாள் இருந்தது.

6. எல்லாரும் செய்த ஒரே தப்பு

காற்று திரும்பியது. முகத்துவாரம் வழியாகக் கடல்தண்ணீர் ஏறும் நேரத்தில் கிழக்கிலிருந்து காற்றடித்தால் ஆற்றில் குறுக்கலை வரும். அலை பக்கவாட்டில் வந்து படகைச் சாய்க்கும். அப்படிச் சாயும்போது என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன். சாய்கிற பக்கம் பகேயின் தட்டையைத் தண்ணீர்மேல் படுக்கப்போட்டு அழுத்து, இடுப்பால் படகை நிமிர்த்து. வழுக்குகிறவன் பக்கத்துச் சுவரில் கையை ஊன்றுவது போல.

முதல் குறுக்கலையில் ஏகாம்பரம் சாய்ந்தான். சாய்ந்தவன் பகேயை இரண்டு கையாலும் தலைக்குமேல் உயரத் தூக்கினான். அப்படியே கவிழ்ந்தான். அடுத்து இன்னொருவன். அவனும் தூக்கினான், கவிழ்ந்தான். சூசையும் தூக்கினான். எழுந்து நிற்கிற பழக்கத்தையே விட்டுவிட்ட கலியபெருமாளும் உட்கார்ந்தபடி பகேயை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு கவிழ்ந்தான்.

எல்லாரும் பத்திரமாக வெளியே வந்தார்கள், கவிழத்தான் கற்றிருந்தார்களே. ஆனால் முசே சொன்னது விழக்கூடாது என்று. மாசி மகம் நெருங்கிவிட்டது. மறுநாளும் அதேதான். அதற்கு மறுநாளும் அதேதான். தூக்காதே, தூக்காதே என்று கரையில் நின்று கத்தி என் தொண்டை கட்டிவிட்டது.

நனைந்துபோய் மணலில் உட்கார்ந்திருந்தபோது ஏகாம்பரத்தைக் கேட்டேன். "ஏன்டா, சாயும்போது தூக்கறியே, எதுக்குடா?"

"நீங்கதான வாத்தியாரே சொன்னீங்க, காவடின்னு. காவடி சாயக்கூடாது, தரையில படக்கூடாதுன்னு எங்கம்மா அடிக்கடி சொல்லும். கால் இடறுனாக்கூட ஆளு வுழலாம், காவடி வுழக்கூடாதுன்னு. படகு சாஞ்சா கை தானா மேல போயிடுது."

போன பங்குனியில் மலைப்படியில் கால் தடுக்கியபோது நானும் அதையேதான் செய்தேன். முட்டி உடைந்தது, காவடியை மேலே தூக்கிவிட்டேன். எங்கள் கை அப்படிப் பழகிய கை. மற்ற ஐவரும் ஏகாம்பரத்தைப் பார்த்துப் பழகியவர்கள்.

சூசை யோசித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இதெல்லாம் புதுசு. "சரி வாத்தியாரே, கீழயே வெக்கக்கூடாதுன்னா அப்புறம் எப்பத்தான் வெப்பீங்க? அப்படியே தூக்கிக்கிட்டே வூட்டுக்கு வந்துடுவீங்களா?"

"மலை ஏறி சன்னதிக்குப் போனதும் எறக்குவோம். சாமி முன்னால. அதுக்குத்தானே அம்மாந்தூரம் போறது."

"அப்போ தண்ணியத்தான் சாமின்னு வெச்சுக்கோங்களேன்."

கலியபெருமாள், "இதுல வெச்சுக்க இன்னா இருக்கு? எங்களுக்கு எப்பவும் அது ஆத்தாதான்" என்றான். சொல்லிவிட்டு எழுந்துபோய்த் தன் படகைத் தண்ணீரில் தள்ளினான். உட்கார்ந்து, வேண்டுமென்றே ஒரு பக்கம் சாய்ந்து, பகேயைத் தூக்காமல் தண்ணீர்மேல் படுக்கப்போட்டான். தட்டை பளாரென்று தண்ணீரில் அடித்தது. படகு நிமிர்ந்தது. திரும்பி எங்களைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

அதற்குப் பிறகு எங்களுக்கு ஒரே வார்த்தைதான். "எறக்கு!" இரண்டு பேர் படகைப் பிடித்துச் சாய்ப்பார்கள், மற்றவர்கள் "எறக்கு!" என்பார்கள், உட்கார்ந்திருப்பவன் இறக்குவான். சாய்வது வலப்பக்கமா இடப்பக்கமா என்று சொல்ல மாட்டோம். கண்ணைக் கட்டிக்கொண்டும் செய்தான் ஏகாம்பரம். மாசி மகத்தன்று சாமிகளெல்லாம் கடலாடப் போனபோது நானும் தீர்த்தமாடி, இந்தப் பிள்ளைகள் பேரைச் சொல்லிக் கும்பிட்டு வந்தேன்.

7. மேஸ்திரியின் கயிறு

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரை நிறையச் சனம். பெற்றோர்கள், மில் ஆட்கள், வேடிக்கை பார்க்க வந்த மீன்காரர்கள். முசே குடையோடு ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஏகாம்பரத்தின் அம்மா விபூதி மடித்த காகிதத்தைக் கையில் பிடித்தபடி நின்றாள். நான் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றேன்.

வடிவேலு மேஸ்திரி கரையில் இல்லை. ஓடக்காரனிடம் பேசி, ஆற்றைக் கடக்கிற ஓடத்தில் ஏறி நடு ஆற்றில் போய் நின்றுகொண்டார். கையில் பெரிய தேங்காய்நார்க் கயிறு.

"மேஸ்திரி, எதுக்கு அங்க?" என்று கத்திக் கேட்டேன்.

"என் மாப்ளயத் தூக்கறதுக்கு! நீ கரையிலயே நில்லு!" கரை முழுக்கச் சிரிப்பு.

காற்று கிழக்கு. குறுக்கலை வந்துகொண்டிருந்தது. ஆறு படகும் புறப்பட்டன. "அரோகரா, அரோகரா." நடுவே "அன், தெ." ஆற்றின் அந்தப் பக்கம் நட்டிருந்த கழியைச் சுற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். போகும்போது இரண்டு தடவை அலை அடித்தது. ஆறு பகேயும் இறங்கின. ஒரு படகும் கவிழவில்லை. கரையில் சிரிப்பு நின்று, மெதுவாக ஒரு சத்தம் எழுந்தது. அது பாராட்டுகிற சத்தம்.

திரும்பும்போது கடைசிப் படகு ஏகாம்பரத்துடையது. ஓடத்துக்கு அருகில் வந்தான். அப்போது ஒரு அலை அவனைச் சாய்த்தது. மேஸ்திரி ஓடத்தில் எழுந்து நின்று, "டேய் ஏகாம்பரம்! கயித்தப் புடிடா!" என்று கயிற்றை வீசினார்.

"ஒக்காருய்யா! ஒக்காரு!" என்று ஓடக்காரன் கத்தினான்.

ஏகாம்பரம் இறக்கினான், நிமிர்ந்தான். மேஸ்திரிதான் நிமிரவில்லை. ஓடம் ஒரு ஆட்டம் ஆடியது. கயிறும் அவருமாகத் தண்ணீருக்குள் போனார்கள்.

அவருக்கு நீந்தத் தெரியாது என்பது அக்காள் போட்ட கூச்சலில்தான் எல்லாருக்கும் தெரிந்தது. நான் பாய்ந்தேன், ஆனால் நான் இருந்த இடத்திலிருந்து தூரம். ஓடம் காற்றில் விலகிப் போய்விட்டது. பக்கத்தில் இருந்தது ஒரே ஒரு துணிப்படகுதான்.

தண்ணீரில் தத்தளிப்பவரிடம் படகின் பக்கவாட்டைக் கொடுக்கக் கூடாது, வாலைக் கொடுக்க வேண்டும் என்பது பாடம். ஏகாம்பரம் படகைத் திருப்பிக்கொண்டிருந்தான். திரும்புவதற்குள் மேஸ்திரி ஒரு உந்து உந்தி இரண்டு கையாலும் பக்கவாட்டைப் பிடித்துத் தொங்கினார். படகு விளிம்புவரை சாய்ந்தது.

"எறக்கு!" என்று சூசை கத்தினான்.

ஏகாம்பரம் பகேயைத் தூக்கவில்லை. சாய்ந்த பக்கம் மாமன் தொங்கியதால், மறுபக்கம் உடம்பைச் சாய்த்து, அங்கே தட்டையைத் தண்ணீர்மேல் இறக்கி, அதன்மேல் தன் பாரத்தைப் போட்டுத் தாங்கினான். படகு பாதி சாய்ந்தபடி நின்றது. அவன் பேசியது கரைக்குக் கேட்டது. மாமன் குரல் அவனுக்கும் இருந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"மாமா! கைய எடு!"

"எடுத்தா முழுகிடுவேன்டா!"

"எடுக்காட்டி ரெண்டு பேருமே முழுகுவோம். ஒரு கைய எடுத்துப் பின்னால வையி. அப்புறம் அடுத்த கை. நான் இருக்கேன், எங்கயும் போவல."

மேஸ்திரி ஒரு கையை எடுத்தார். பின்னால் வைத்தார். அப்புறம் அடுத்த கை. கைமேல் கையாக நகர்ந்து படகின் வாலைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். படகு நிமிர்ந்தது. அதற்குள் நானும் நீந்திப் பக்கத்தில் வந்துவிட்டேன். ஏகாம்பரம் என்னைப் பார்த்து, "வேணாம் வாத்தியாரே, நானே கொண்டாறேன்" என்றான்.

கொண்டுவந்தான். கையால் இல்லை, இடுப்பால். முதலில் வாய்க்குள், பிறகு சத்தமாக, "அரோகரா, அரோகரா" என்று வலித்தான். கரையில் நின்றவர்களும் கூடச் சொன்னார்கள். சூசை ஒரு பக்கம் காவலாக வந்தான். அவனும் அன்றைக்கு அன்-தெ மறந்து அரோகராதான் சொன்னான்.

கலியபெருமாள் மட்டும் கொஞ்சம் தாமதித்து வந்தான். அவன் பகேயின் நுனியில் ஒரு எட்டு முழ வேட்டி கொடி மாதிரி பறந்துகொண்டிருந்தது. மேஸ்திரியுடையது. தண்ணீரில் அவிழ்ந்து போனதை மீட்டு வந்திருந்தான். மேஸ்திரி கோவணத்தோடு இடுப்பளவு தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நல்ல நெசவு மேஸ்திரி," என்று வேட்டியை நீட்டினான் கலியபெருமாள். "துணிகூடத் தண்ணியில மெதக்குதுங்க."

மேஸ்திரி அவனை முறைத்தார். பிறகு வேட்டியை வாங்கிக் கட்டிக்கொண்டு சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு அக்கரைக்குக் கேட்டிருக்கும்.

எனக்கு ஒரு பயம் பாக்கியிருந்தது. முசேயிடம் போய் நின்றேன். "முசே, ஒருத்தர் வுழுந்துட்டாங்க."

முசே குடையை மடக்கினார். "நான் இன்னா சொன்னேன் ஆறுமுகம்? ஒரு மாணவன் வுழுந்தாலும்னு சொன்னேன். வுழுந்தது மாணவன் இல்லையே, எதிர்க்கட்சி." மேஸ்திரி பக்கம் திரும்பினார். "மேஸ்திரி, படகை எரிச்சுடலாமா?"

ஈரத்தோடு நின்ற மேஸ்திரி அந்தப் படகின் கித்தானை விரலால் தடவிப் பார்த்தார், தறியில் துணி பார்ப்பது போல. "நூலு உறுதியாத்தான் இருக்கு முசே. ஒட்டுப் போட்ட எடம்தான் சரியில்ல. மில்லுலேர்ந்து நல்ல கித்தானா நான் கொண்டாந்து தரேன்." பிறகு என்னைப் பார்த்து, "யோவ் வாத்தியாரே, நாளையிலேர்ந்து அந்த சொரக்குடுக்க ஒண்ணு எனக்கும் எடுத்து வை" என்றார்.

8. மயிலம் மலையில்

அந்தப் பங்குனி உத்திரத்துக்கு நான் தனியாகப் போகவில்லை. ஆறு பேரும் கூட நடந்தார்கள். சூசை மலையடிவாரம்வரை வருகிறேன் என்று சொல்லி, கடைசியில் என் செருப்பையும் தண்ணீர்ச் செம்பையும் தூக்கிக்கொண்டு மேலேயே வந்துவிட்டான். மேஸ்திரி பால்காவடி எடுத்தார், உயிர்பிழைத்த வேண்டுதல். வழி நெடுக அவர் போட்ட அரோகராவில் முன்னால் போகிறவர்கள் தாமாக ஒதுங்கி வழிவிட்டார்கள்.

சன்னதிக்கு முன்னால் தோளிலிருந்து காவடியை இறக்கினோம். அத்தனை தூரம் சுமந்துவிட்டு இறக்கும்போது தோள் எப்படிக் காற்றாகும் என்று எடுத்தவர்களுக்குத் தெரியும். ஏகாம்பரம் என் பக்கத்தில் குனிந்து, மெதுவாக, "எறக்கிட்டோம் வாத்தியாரே. ஒருத்தரும் கவுழல" என்றான்.

அந்தப் படகுக் கொட்டகையில் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன். எத்தனையோ பிள்ளைகள் வந்தார்கள். ஏகாம்பரம் மாமன் மகளைக் கட்டிக்கொண்டான். கல்யாணத்துக்கு முதல் நாள் அவளை ஒரு படகில் ஏற்றி, தான் இன்னொன்றில் கூட வந்து என்னிடம் காட்டினான். நிஜார் அணியாமல், பட்டுவேட்டியோடு. அவனைத் திட்டிவிட்டுத்தான் ஆசீர்வாதம் செய்தேன்.

இன்றைக்குப் படகுப் பயிற்சி கொடுக்கிற தம்பிமார்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பிள்ளைகளுக்கு ஏற்கனவே தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குங்கள், சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் அந்தத் தெரிந்ததோடு கூட என்ன பழக்கம் ஒட்டிக்கொண்டு வருகிறது என்றும் பாருங்கள். அவன் தப்புச் செய்யும்போது திட்டாதீர்கள், ஏன் என்று கேளுங்கள். காரணம் இருக்கும், அநேகமாக நல்ல காரணமாகவே இருக்கும்.

சாயும்போது நம் கை எதையாவது தலைக்குமேல் தூக்கித்தான் காப்பாற்றப் பார்க்கும். தூக்கினால் கவிழ்வோம். நம்பி இறக்க வேண்டும். தண்ணீர் தாங்கும்.

அதற்குப் பிறகு நான் கவிழவே இல்லை என்று சொல்ல மாட்டேன். கவிழ்ந்தபோதெல்லாம் முருகன் நிமிர்த்திவிட்டான்.